அறிமுகக் கடி

என் மகளை நாய் கடித்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலை எட்டே கால் மணிக்கு. நேரத்தை இவ்வளவு சுத்தமாகச் சொல்கிறேனே என்று பார்க்காதீர்கள். அடுத்த நான்கு மாதத்தில் இந்த எட்டே காலை நாற்பத்தோரு தடவை எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஒரு தடவை அவசரத்தில் எட்டு இருபது என்று எழுதிவிட்டேன். இடைப்பட்ட ஐந்து நிமிஷம் நாய் என்ன செய்துகொண்டிருந்தது என்று விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது.

நான் லிஃப்ட் மெக்கானிக். என் தொழிலில் ஒரு வழக்கம். கதவு சரியாக மூடாத லிஃப்டைப் பார்த்தால் மின்சாரத்தை அணைத்து, வாசலில் சங்கிலி கட்டி, போர்டு மாட்டிவிட்டுத்தான் மற்ற பேச்சு. இதுவரை எத்தனை பேரைக் கீழே தள்ளியிருக்கிறது என்று கணக்குக் கேட்க மாட்டோம். வேலை முடிந்ததும் பராமரிப்பு அட்டையில் கையெழுத்து. போட்டால் அதற்கு என் தலைதான் பொறுப்பு. இருபது வருஷமாக இப்படியே பழகியதால் உலகமும் இப்படித்தான் ஓடுகிறது என்று நம்பித் தொலைத்திருந்தேன்.

நாயின் பெயர் கர்னல். கன்றுக்குட்டி உயரம். எங்கள் தெரு முனையில் இருக்கும் மரக்கடைக்காரர் வீட்டில் வளர்கிறது. அந்த வீட்டு கேட்டை யாரும் மூடிப் பார்த்ததில்லை. கேட்டால், "மூடினா அவன் முகம் வாடிப் போகுது தம்பி, பாக்க முடியல" என்பார். தெருவில் இருக்கிற மற்ற முகங்கள் வாடுவதை அவர் மாடியிலிருந்து தாராளமாகப் பார்ப்பார்.

அன்றும் மாடியில்தான் நின்றார், கையில் டீ டம்ளரோடு. பள்ளிக்குப் போய்க்கொண்டிருந்த என் மகளின் கெண்டைக்காலைக் கர்னல் பிடித்து உலுக்கிய பிறகு, "பையை ஆட்டியிருப்பா. ஆடுற பை அவனுக்குப் பிடிக்காது" என்றார். டீயைக் குடித்து முடித்துவிட்டு உள்ளே போனார்.

என் மகளுக்கு எட்டு வயது. வீட்டில் அவள் பெயர் வாயாடி. காலையில் பல் துலக்கும்போது ஆரம்பித்தால் தூங்கும்வரை வாய் மூடாது. ஐந்து ஊசி போட்டார்கள். காயம் மூன்று வாரத்தில் ஆறியது. ஆனால் அவள் வீட்டு வாசற்படியைத் தாண்டவில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்து தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பேச்சும் குறைந்துவிட்டது. என் மனைவி பை தைக்கும் கம்பெனியில் வேலை செய்கிறாள். ஒரு நாள் அவள் லீவு, ஒரு நாள் நான் லீவு என்று மாற்றி மாற்றி வீட்டில் கிடந்தோம்.

"கால் வலிக்குதா கண்ணு?"

"இல்லப்பா."

"பயமா இருக்கா?"

"கொஞ்சம். ஆனா அதுக்காக இல்ல."

"பின்ன?"

"இன்னும் முடியலையே."

என்ன முடியவில்லை என்று கேட்டேன். அவள் வகுப்பில் யாராவது யாரையாவது தள்ளிவிட்டால், தள்ளியவர் முன்னால் வந்து சாரி சொல்ல வேண்டும். சொன்னதும் டீச்சர் 'முடிஞ்சுது, போய் உக்காருங்க' என்பார். அதன் பிறகு யாரும் அதைப் பற்றிப் பேசக் கூடாது. சொல்லாதவரை இரண்டு பேரும் நின்றுகொண்டே இருக்க வேண்டும்.

"யாருமே சாரி சொல்லலப்பா" என்றாள். "நான் இன்னும் நின்னுட்டே இருக்கேன்."

இவ்வளவுதானே, ஒரு வார்த்தைதானே என்று மரக்கடைக்காரரிடம் போனேன். அவர் நாற்காலி போட்டு உட்கார வைத்து மரியாதையாகத்தான் பேசினார்.

"சொல்றதுல எனக்கு ஒண்ணுமில்ல தம்பி. ஆனா சொன்னா ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும். நாய் வாரியத்துல சொல்லவே கூடாதுன்னு சொல்லியிருக்காங்க. நான் சட்டத்தை மதிக்கிறவன். நீங்க எதுக்கும் வாரியத்துல ஒரு தடவை கேட்டுப் பாருங்க."

அப்படித்தான் அபாய நாய்கள் நிர்ணய வாரியத்தின் படி ஏறினேன். படி என்று நான் சொல்வது படியைத்தான். அலுவலகம் ஐந்தாவது மாடியில். லிஃப்ட் வாசலில் 'பழுது' என்று ஒரு போர்டு கோணலாகத் தொங்கியது. அதைத் தூசி தட்டப் போன என் கையைக் காவலாளி தடுத்தார்.

"தொடாதீங்க சார்."

"நான் லிஃப்ட் மெக்கானிக்குங்க. சும்மா பாக்கறேன்."

"அதனாலதான் சொல்றேன். போன வருஷம் ஒருத்தர் பட்டனை அமுக்கிப் பாத்தார். இந்த லிஃப்ட் இப்ப அவர் பேர்ல இருக்கு. பாவம், ரிட்டயர் ஆக முடியாம சுத்திட்டிருக்கார்."

சிரித்தேன். அப்போது எனக்குச் சிரிக்க வந்தது.

கவுன்டரில் இருந்த பெண்மணி பெரிய பதிவேட்டைத் திறந்து, மூக்குக் கண்ணாடியைச் சரி செய்தார்.

"எத்தனாவது கடி?"

"முதல் கடிதாங்க."

"அப்ப அறிமுகக் கடி" என்று எழுதினார். "ரெண்டாவது வலியுறுத்தல் கடி. மூணாவது உறுதிக் கடி. மூணும் ஆனாத்தான் நாய் அபாயமானதான்னு வாரியம் யோசிக்க ஆரம்பிக்கும். ஒரு கடியை வச்சு ஒரு ஜீவனைப் பத்தி முடிவு பண்ணக் கூடாது பாருங்க."

"மூணும் என் பொண்ணையே கடிக்கணுமா?"

"கட்டாயமில்ல. ஆனா ஒரே ஆளா இருந்தா ஒப்பிட்டுப் பாக்க வசதியா இருக்கும்." பேனாவை மூடிவிட்டு அக்கறையாகக் கேட்டார். "பாப்பாவால இன்னும் ரெண்டு தடவை அந்தப் பக்கம் போக முடியுமா?"

எனக்கு வாயில் வந்ததை விழுங்கிக்கொண்டேன். அறிமுகக் கடிக்கு ஆயுள் தொண்ணூறு நாள் என்றும், அதற்குள் அடுத்த கடி வராவிட்டால் முதல் கடி தானாகக் காலாவதியாகிவிடும் என்றும், அது என் நன்மைக்காகத்தான் என்றும் அவர் சொன்னார். இரண்டு கடிக்கும் நடுவில் அளவையாளர் வந்து அளந்து போக வேண்டும். அளவையாளர் வர எவ்வளவு நாள் ஆகும் என்று கேட்டேன்.

"சராசரியா நூறு நாள்" என்றார்.

எங்கள் அதிர்ஷ்டம், கடி அளவையாளர் அறுபதாவது நாளே வந்துவிட்டார். ஒல்லியான மனிதர், தோல்பை, கையில் கட்டம் போட்ட கண்ணாடித் தாள். வாயாடியின் காலைப் பார்த்ததும் அவர் முகம் சுருங்கியது.

"ஆறிடுச்சே சார்."

"ஆறக் கூடாதுங்களா?"

"ஆறலாம். ஆனா எங்களுக்குத் தகவல் கொடுத்துட்டு ஆறியிருக்கலாம்." தாளைத் தழும்பின் மேல் வைத்து எண்ணினார். "நாலு பல். அஞ்சாவது சந்தேகம். பாப்பா, கடிக்கும்போது நாய் கோபமா இருந்துச்சா, இல்ல விளையாட்டா இருந்துச்சா?"

"எனக்குப் பின்னாடி இருந்துச்சு" என்றாள் வாயாடி. பிறகு அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "நீங்க சாரி சொல்ல வந்தீங்களா அங்கிள்?"

அளவையாளர் சட்டைப் பையிலிருந்து ஒரு அட்டையை எடுத்துப் பார்த்தார். "வாரியம் வருத்தம் தெரிவிக்கறதில்ல பாப்பா. பரிசீலிக்கும்."

"அப்ப போங்க" என்று அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

போகும்போது ஒரு படிவத்தை என்னிடம் கொடுத்து நிரப்பச் சொன்னார். பதினான்காவது கேள்வி: மேற்படி நாயிடமிருந்து தற்காத்துக்கொள்ளத் தாங்கள் எடுத்துவரும் நடவடிக்கை யாது? நான் உள்ளதை உள்ளபடி எழுதினேன். தினமும் காலையில் வேலைக்குப் போகும்போது அந்த கேட்டைத் தாண்டித்தான் போக வேண்டும். ஆகவே ஒரு பன் வாங்கி வைத்துக்கொண்டு, அதைக் கர்னல் முன்னால் போட்டுவிட்டு, அது தின்கிற நேரத்தில் நான் ஓடிவிடுகிறேன், என் லீவு நாளில் மனைவியை ஓட விடுகிறேன். கீழே கையெழுத்துப் போட்டேன், தேதி போட்டேன். என் மனைவி எட்டிப் படித்துப் பார்த்துவிட்டு, "இதெல்லாம் எதுக்குங்க எழுதிட்டு? ஒரு கோடு போட்டு விட்டுடுங்க" என்றாள். நான் கேட்டேனா? இல்லை. கேள்வி கேட்டால் பதில் எழுதுகிற ஜாதி நான்.

எண்பத்தி நாலாவது நாள், நாய் யாருடையது என்று தீர்மானிக்க விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். நீளமான மேஜை. நடுவில் வாரியத் தலைவர். ஒரு பக்கம் மரக்கடைக்காரர் இஸ்திரி போட்ட சட்டையில் உட்கார்ந்திருந்தார். நான் இன்னொரு பக்கம், என் செல்போன் நிமிஷத்துக்கு ஒரு தடவை துடித்துக்கொண்டிருந்தது. எங்கேயோ ஆஸ்பத்திரி லிஃப்டில் நான்கு பேர் மாட்டிக்கொண்டிருந்தார்கள். உட்கார முடியவில்லை, எழுந்து போகவும் முடியவில்லை.

தலைவர் தொண்டையைச் செருமினார்.

"இந்த வாரியம் ஆரம்பிச்சு பதினோரு வருஷம் ஆச்சு. இந்தப் பதினோரு வருஷத்துல ஒரு நாயைக்கூட அபாயமானதுன்னு நாங்க அறிவிக்கல. அறிவிக்கிற நிலைமையே வரல. இதைவிடப் பாதுகாப்பான ஊரு எங்கயாவது இருக்கா? சிலர் கேக்கறாங்க, நீங்க நாயைப் பாத்திருக்கீங்களான்னு. நான் பெருமையாச் சொல்றேன், பாத்ததில்ல. நாய் எங்க வேலை இல்ல. பொறுப்புதான் எங்க வேலை. நாய் ஓடிப் போகும், செத்துப் போகும். பொறுப்பு எங்கயும் போகாது. அதை யாராவது ஒருத்தர்கிட்ட சேத்துட்டா நாங்க நிம்மதியாத் தூங்கலாம்."

எழுத்தர் இதை வார்த்தை விடாமல் எழுதிக்கொண்டார். தலைவர் மரக்கடைக்காரர் பக்கம் திரும்பினார்.

"கர்னல் உங்களுக்கு என்ன உறவு?"

"புள்ள மாதிரிங்க ஐயா. புள்ளையைப் போய் யாராவது என் சொத்துன்னு சொல்வாங்களா?"

"அருமை. சாப்பாடு யார் போடறது?"

"தட்டு ஒரு ஓரத்துல இருக்கும். அவனா வந்து சாப்பிடுவான். நான் அவன் சுதந்திரத்துல தலையிடறதில்ல."

நான் எழுந்தேன். "ஐயா, அவர் வீட்டு கேட்டுலயே 'கர்னல் ஜாக்கிரதை'ன்னு போர்டு தொங்குது. அப்புறம் எப்படி அவர் நாய் இல்லைன்னு ஆகும்?"

"அது எச்சரிக்கை" என்றார் தலைவர். "பொறுப்புள்ள எந்தக் குடிமகனும் எச்சரிக்கலாம். அதுல உரிமை கோரல் எங்க இருக்கு?" பிறகு என் படிவத்தை எடுத்து, கண்ணாடியை ஏற்றிப் பார்த்தார். "இங்க ரெண்டு பேர் இருக்காங்க. ஒருத்தர் வீட்டுல நாய் தூங்குது. இன்னொருத்தர் கையால நாய் சாப்பிடுது. தூங்கறதை வச்சு எதையும் முடிவு பண்ண முடியாது. நான்கூடத்தான் தினமும் இந்த நாற்காலியில தூங்கறேன். அதுக்காக நாற்காலிக்கு நான் சொந்தமாயிடுவேனா? ஆனா தவறாம தினம் ஒரு பன். சொந்தக் கையெழுத்துல, தேதி போட்டு. பதினோரு வருஷத்துல இவ்வளவு தெளிவான உரிமையாளரை வாரியம் பாத்ததில்ல."

அறையில் கைதட்டினார்கள். மரக்கடைக்காரரும் தட்டினார்.

"என் பொண்ணைக் கடிச்ச நாய்க்கு நானே சொந்தக்காரனா?" என்று கேட்டேன்.

"அதான் வருத்தமான விஷயம்" என்றார் தலைவர். எழுத்தர் இருமினார். தலைவர் உடனே, "வருத்தமான என்கிற சொல்லைக் குறிப்புலேர்ந்து எடுத்துடுங்க" என்றார்.

சான்றிதழ் கொடுத்தார்கள், முத்திரையோடு. கர்னல் என்னும் நாய்க்கு நான் உரிமையாளர், கடி நிகழ்ந்த செவ்வாய்க்கிழமை காலை எட்டே கால் மணி முதல். வீட்டுக்கு வந்து நீட்டினேன். என் மனைவி இரண்டு தடவை படித்தாள்.

"புகார் கொடுக்கப் போன மனுஷன் நாயோட வந்து நிக்கறீங்க. நல்ல வேளை, புலி கடிக்கல" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, கொத்தமல்லி ஆய்ந்துகொண்டே, "அவ என்னைக்குங்க வெளிய போவா?" என்று கேட்டாள். அதற்கு என்னிடம் சான்றிதழ் இல்லை.

சான்றிதழோடு தண்டனையும் வந்தது. பொறுப்புள்ள உரிமையாளர் பயிற்சி, ஆறு சனிக்கிழமை. போனால் ஒன்பது பேர் உட்கார்ந்திருந்தோம். ஒருவரிடமும் நாய் கிடையாது. ஒரு அம்மா காக்கைக்கு வைத்த தண்ணீரை ஒரு நாய் குடித்திருந்தது. கூரியர் கொடுக்கும் ஒருவரை நாய் துரத்தியபோது அவர் சாப்பாட்டு டப்பா கீழே விழுந்து திறந்துகொண்டது. ஓய்வு பெற்ற டிராயிங் மாஸ்டர் ஒருவர் தெரு நாயைப் பார்த்து, "போடா துரை" என்று அதட்டியிருக்கிறார். அந்த நாயின் பெயரே அதுதான். பெயர் சொல்லிக் கூப்பிட்டவர் உரிமையாளர்.

பயிற்சியாளர் அம்மாள் சுறுசுறுப்பானவர். முதல் பாடம், வருத்தம் தவிர்த்தல்.

"உங்க நாய் ஒருத்தரைக் கடிச்சிடுச்சு. அவர் அழுதுட்டு நிக்கறார். நீங்க என்ன சொல்வீங்க?"

"ஐயோ, மன்னிச்சுக்கோங்கன்னு சொல்வேன்" என்றார் காக்கைத் தண்ணீர் அம்மா.

"போச்சு. அந்த நிமிஷமே குற்றம் உங்க தலையில. சொல்ல வேண்டியது இதுதான். தங்கள் அனுபவம் கவனத்தில் கொள்ளப்பட்டது. எல்லாரும் சொல்லுங்க."

ஒன்பது பேரும் சொன்னோம். அந்த அம்மாள் கடிபட்டவர் போல் நொண்டிக்கொண்டு ஒவ்வொருவர் முன்னாலும் வந்து அழுது காட்டினார். நாங்கள் கவனத்தில் கொண்டோம். டிராயிங் மாஸ்டருக்கு வாய் தவறி 'அடடா' என்று வந்துவிட்டது. அவரை மட்டும் இன்னொரு தடவை சொல்லச் சொன்னார்கள்.

நான்காவது சனிக்கிழமை வாய்க்கூடு மாட்டும் பயிற்சி. நாய் கடிக்காமல் இருக்க அதன் வாயில் மாட்டும் வார்க்கூடு. ஆபத்து கருதி நாய்களைக் கட்டடத்துக்குள் விடுவதில்லை. ஆகவே ஒருவருக்கொருவர் மாட்டிப் பழகச் சொன்னார்கள். எனக்கு டிராயிங் மாஸ்டர் ஜோடி. பின்னாலிருந்து போக வேண்டும், வாரை ஒரே இழுப்பில் இழுக்க வேண்டும், கண்ணைப் பார்க்கக் கூடாது. கை வேலை எனக்குப் புதிதில்லை. மூன்றாவது தடவையே நான்கு விநாடியில் மாட்டிவிட்டேன். மாஸ்டர் கடிக்கவில்லை. ஆனால் அன்று முழுக்கக் கடிக்கிற மனநிலையில்தான் இருந்தார்.

ஆறாவது சனிக்கிழமை. எரிச்சலோடு படியிறங்கி வந்தேன். அந்தக் கோணல் போர்டு ஐந்து வாரமாக என் கண்ணை உறுத்திக்கொண்டிருந்தது. போகிற போக்கில் அதை நேராக்கிவிட்டேன். காவலாளி தலையில் கை வைத்துக்கொண்டார். சாப்பாட்டு நேரம் முடிவதற்குள் ஒரு தாள் வந்தது. மேற்படி லிஃப்ட் இன்று முதல் என் பொறுப்பு.

இருந்த ஆத்திரத்துக்கு அந்தத் தாளைக் கிழித்துப் போட்டிருக்க வேண்டும். மாறாக, என்ன ஆகிவிடப் போகிறது என்று பையிலிருந்து ஸ்க்ரூடிரைவரை எடுத்தேன். யாரும் தடுக்கவில்லை. தடுக்க முடியாது, லிஃப்ட் என்னுடையது. உள்ளே ஒரு ரிலே கருகிக் கிடந்தது, கதவின் சென்சாரில் மூன்று வருஷத் தூசி. நாற்பது நிமிஷம். பட்டனை அமுக்கினேன். சாதுவாக மேலே கிளம்பியது. காவலாளி ஸ்டூலை விட்டு எழுந்து நின்று பார்த்தார்.

ஐந்தாவது மாடிக்கும் தரைக்கும் இடையில் தனியாக மூன்று தடவை போய் வந்தேன், சோதனைக்காக. அப்போதுதான் பையில் கிடந்த பயிற்சிப் புத்தகத்தைப் பிரித்தேன். கடைசி அத்தியாயம், உரிமையாளரின் கடமைகள். அதை வகுப்பில் நடத்தவே இல்லை. கேட்டை மூடி வைக்க வேண்டும். கட்டி வளர்க்க வேண்டும். தெருவில் வாய்க்கூடு இல்லாமல் விடக் கூடாது. தன் நாய் எங்கே இருந்தாலும் உரிமையாளர் போய் எடுத்துவரலாம், தடுப்பவர் அது தன் நாய் என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். விரலை வைத்து மறுபடி படித்தேன். சட்டம் ஒழுங்காகத்தான் எழுதியிருந்தார்கள். கையெழுத்துப் போட்டுவிட்டு அதன்படி நடக்கிற ஒரு மடையன் மட்டும்தான் பதினோரு வருஷமாகக் கிடைக்கவில்லை. நான் நேராகப் போய் ஒரு வாய்க்கூடும் ஒரு நல்ல சங்கிலியும் வாங்கினேன்.

மரக்கடைக்காரர் மாடியில்தான் இருந்தார்.

"நாயை எடுத்துட்டுப் போக வந்திருக்கேங்க."

"எதை? என் கர்னலையா?" என்று தடதடவென்று இறங்கி வந்தார்.

"அதைத்தான் கேக்கறேன். உங்க கர்னல்தான்னு இந்த ஃபாரத்துல எழுதிக் கையெழுத்துப் போடுங்க. நான் திரும்பிப் பாக்காம போயிடறேன். போட்டா நாயும் உங்களுது, கடியும் உங்களுது. என் பொண்ணுக்கு ஒரு வார்த்தையும் நீங்க சொல்லணும்."

பேனாவை வாங்கினார். ஃபாரத்தைப் படித்தார். திருப்பிப் பின்பக்கமும் படித்தார். அவர் கண் கலங்கியது உண்மை, அதில் நான் பொய் சொல்ல மாட்டேன். பேனா மட்டும் தாள் மேல் இறங்கவில்லை.

"பாசத்துக்கு எதுக்கு தம்பி கையெழுத்து?" என்றார்.

"கையெழுத்து பாசத்துக்கு இல்லைங்க, பல்லுக்கு."

அவர் பேனாவை மூடி என் சட்டைப் பையில் வைத்தார். "தூங்கும்போது அவனுக்கு ஃபேன் வேணும்" என்று மட்டும் சொன்னார்.

கர்னல் பன்னை எதிர்பார்த்து வாலை ஆட்டிக்கொண்டு வந்தது. பின்னாலிருந்து போனேன், ஒரே இழுப்பு. டிராயிங் மாஸ்டரைவிடச் சுலபமாக இருந்தது. சங்கிலியைப் பிடித்துத் தெருவில் நடந்தபோது ஒவ்வொரு கதவாகத் திறந்தது. யாரும் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் சாட்சியாகிவிடுவோமோ என்று பயந்திருப்பார்கள்.

என் மனைவி வாசலிலேயே நின்றாள். "சாப்பாட்டுக்கு ஆள் கூட்டிட்டு வர்றதா இருந்தா ஒரு போன் பண்ணியிருக்கலாம்" என்றாள். சொல்லிக்கொண்டே கேட்டை இழுத்து மூடி, தாழ்ப்பாள் விழுந்ததா என்று இரண்டு தடவை ஆட்டிப் பார்த்தாள். கர்னலைத் தண்ணீர் மோட்டார் பக்கத்து இரும்புத் தூணில் கட்டினேன்.

அன்று நான்கு மணிக்கு உரிமையாளர் வீட்டைச் சோதனை போட அளவையாளர் வருவதாக ஏற்கெனவே கடிதம் வந்திருந்தது. சொன்ன நேரத்துக்கு வந்தார். கர்னலைப் பார்த்ததும் கேட்டுக்கு வெளியிலேயே நின்றுவிட்டார். சங்கிலி, வாய்க்கூடு, தாழ்ப்பாள் எல்லாவற்றையும் அங்கிருந்தே பார்த்துக் குறித்துக்கொண்டார். அவருக்கே நம்பிக்கை வரவில்லை போல, தாழ்ப்பாளை இரண்டு முறை எழுதினார்.

ஜன்னலில் இருந்த வாயாடி எழுந்து வந்து கதவுக்குப் பின்னால் நின்றாள்.

"அது யார் நாய்ப்பா?"

"நம்ம நாய்."

"எப்பலேர்ந்து?"

"செவ்வாய்க்கிழமை எட்டே காலிலேர்ந்தாம்."

அவள் விரல் மடக்கி எண்ணினாள். உதட்டைக் கடித்துக்கொண்டு கணக்குப் போடுகிற முகம்.

"என்னைக் கடிக்கும்போதே நம்ம நாயா?"

"ஆமா கண்ணு. அப்படித்தான் எழுதியிருக்காங்க."

"அப்ப நீங்கதான் சொல்லணும்."

கேட்டுக்கு வெளியே அளவையாளர் பேனாவை உயர்த்தினார். "சார், பாத்துப் பேசுங்க. பயிற்சியில சொல்லிக் கொடுத்திருப்பாங்க. நான் எழுதியாகணும்."

நான் அவள் முன்னால் முட்டி போட்டு உட்கார்ந்தேன். குழந்தைக்காக ஒரு நாடகம்தானே என்று நினைத்துக்கொண்டுதான் உட்கார்ந்தேன். ஆனால் அவள் என் முகத்தையே பார்த்தபோது அது நாடகமாக இல்லை.

"சாரி கண்ணு. என் நாய் உன்னைக் கடிச்சிடுச்சு. கேட்டைத் திறந்து போட்டது தப்பு. கட்டி வைக்காதது தப்பு. உனக்கு ரொம்ப வலிச்சிருக்கும். நீ பையை ஆட்டினதால ஒண்ணும் இல்ல. இனிமே இது யாரையும் கடிக்காம நான் பாத்துக்கறேன்."

அவள் தலையை ஆட்டினாள். டீச்சர் ஆட்டுவது போல, ஒரே ஒரு தடவை.

"முடிஞ்சுது. எழுந்துக்கோங்க" என்றாள்.

பிறகு செருப்பைத் தேடினாள். நான்கு மாதமாகத் தொடாத செருப்பு கட்டிலுக்கு அடியில் இருந்தது. "பென்சில் ரப்பர் தேஞ்சு போச்சு. கடைக்குப் போயிட்டு வரேன்" என்று அம்மாவிடம் சொன்னாள். என் மனைவி கூடவே ஓரடி வைத்தாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். வாயாடி கர்னலைத் தாண்டும்போது கொஞ்சம் சுவரோரம் ஒதுங்கினாள், அவ்வளவுதான். அளவையாளர் அவளுக்காகக் கேட்டைத் திறந்துவிட்டு மறக்காமல் மூடினார்.

"உரிமையாளர் குற்றத்தை ஒப்புக்கொண்டார்" என்று முனகிக்கொண்டே எழுதினார். நடுவில் நிறுத்தினார். "பதினோரு வருஷத்துல முதல் தடவை சார். இதை எழுதக் கட்டமே இல்ல. எங்க எழுதறது?"

"பின்னாடி எழுதுங்க."

பின்பக்கம் எழுதி நீட்டினார். பராமரிப்பு அட்டையில் போடுவது போலவே கையெழுத்துப் போட்டேன். இன்னும் ஆறு சனிக்கிழமை பயிற்சி உண்டு என்றார். இருக்கட்டும் என்றேன். போவதற்கு இப்போது லிஃப்ட் இருக்கிறது.

தாளை வாங்கிப் பையில் வைத்தும் அவர் கிளம்பவில்லை. தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தார். பிறகு குனிந்து வலது பேன்ட்டைக் கொஞ்சம் மேலே தூக்கினார். கணுக்காலுக்கு மேலே நான்கு பல். ஐந்தாவது சந்தேகமே இல்லை.

"போன மாசம் இதோட வாயை அளக்கப் போனேன் சார்" என்றார் தணிந்த குரலில். "ரிப்போர்ட்ல எழுதல. அளவையாளரைக் கடிச்சா யார் அளக்கறதுன்னு விதி இல்ல. வீட்டுல கூடச் சொல்லல."

பேன்ட்டை இறக்காமல் அப்படியே நின்றார்.

"சாரி சார்" என்றேன். "என் நாய்தான். ரொம்ப வலிச்சிருக்கும்."

"பரவால்ல சார்" என்றார். தோல்பையை மாட்டிக்கொண்டு, அந்தப் பேன்ட்டை இறக்க மறந்து, நடந்து போனார்.

தெரு முனையிலிருந்து வாயாடி வந்துகொண்டிருந்தாள். திறந்து கிடந்த மரக்கடைக்காரர் கேட்டுக்கு எதிரில் நின்று, மாடியைப் பார்த்து அவரிடம் என்னவோ கேட்டாள். அவர் உள்ளே போய்விட்டார். அவள் பாட்டுக்கு யாரிடம் என்றில்லாமல் பேசிக்கொண்டே வந்தாள், கையில் ரப்பரைத் தூக்கிப் போட்டுப் பிடித்துக்கொண்டு.